ஆச்சி வீட்டுத் தூக்கும் அப்போஸ்தலர் பவுலும்

தீபாவளியன்று காலை எட்டு மணிக்கு ஒரு கிறிஸ்தவர் வீட்டில் என்ன நடக்கும், தெரியுமா?

ஒன்றும் நடக்காது. அதுதான் கஷ்டமே!

தெரு முழுக்க எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத்துணியில் மஞ்சள் வைத்து, சரவெடி கொளுத்திக்கொண்டிருக்கும். நாம் மட்டும் பழைய லுங்கியோடு வாசல்படியில் உட்கார்ந்து, யார் வீட்டு வெடி அதிகம் என்று கணக்கெடுத்துக் கொண்டிருப்போம். லீவு நமக்கும் உண்டு. பண்டிகைதான் கிடையாது. (தீபாவளி போனஸ் வந்தால் மட்டும் மதம் பார்க்காமல் வாங்கிக்கொள்வோம். அது வேறு விஷயம்!)

ஆனால் எட்டரை மணி ஆனால் போதும், நிலைமை மாறிவிடும். வீட்டுக்கு வீடு தட்டு கிளம்பும்.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு முதலில் வருவது பக்கத்து வீட்டு ஆச்சியின் எவர்சில்வர் தூக்கு. ஆச்சி என்றதும் எனக்குப் பாட்டி முறை என்று நினைத்துவிடாதீர்கள். சைவப் பிள்ளைமார் வீட்டு மூத்த பெண்மணி. தெருவுக்கே அவர் ஆச்சிதான். என் அம்மாவுக்கும் ஆச்சி, எனக்கும் ஆச்சி. தூக்கின் அடியில் அதிரசம், நடுவில் முந்திரிக்கொத்து, மேலே உடையாமல் தேன்குழல். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து தீபாவளி என்றால் அந்தத் தூக்குதான்.

1993 தீபாவளிக்கு, அந்தத் தூக்கை நான் வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினேன்.

சிங்கக் கெபியும் நானும்

எனக்கு அப்போது 23 வயது. அந்த வயதில் மனுஷனுக்குத் தெரியாத விஷயமே கிடையாது. அதிலும் நான் அதற்கு முந்தின மாதம்தான் மூன்று நாள் உபவாசக் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்திருந்தேன். என் பைபிளில் சிவப்புப் பென்சில் படாத பக்கமே இல்லை. விக்கிரகத்துக்குப் படைத்ததற்கு விலகியிருக்கச் சொல்லி அப்போஸ்தலர் நடபடிகள் 15-ஆம் அதிகாரத்தில் இருப்பதை எங்கள் வீட்டு நாய்க்குக்கூட விளக்கிச் சொல்லிவிட்டேன். அது கேட்டுக்கொண்டது. மனுஷர்கள்தான் கேட்கவில்லை.

ஆச்சி வழக்கம்போல, "பிள்ளேளுக்குக் குடுங்க" என்றபடி படியேறினார்.

நான் குறுக்கே நின்றேன். "ஆச்சி, தப்பா நினைக்காதீங்க. சாமிக்குப் படைச்சத இனிமே நாங்க வாங்க மாட்டோம்."

ஆச்சி என் முகத்தையே ஒரு நிமிஷம் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு சொல்லவில்லை.

"சரிய்யா" என்றார். அவ்வளவுதான். தூக்கை மறு கைக்கு மாற்றிக்கொண்டு மெள்ளப் படியிறங்கிப் போனார்.

அடுப்படியிலிருந்து அம்மா ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"ஏல, என்ன காரியம்ல பண்ணிட்ட?"

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். ஒன்றும் பேசவில்லை. வாத்தியார் வேலை பார்த்த அப்பா ஒன்றும் பேசவில்லை என்றால் எங்கள் வீட்டில் பூகம்பம் என்று அர்த்தம்.

நானோ தானியேல் தீர்க்கதரிசி மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். ஒரே ஒரு வித்தியாசம். தானியேல் எதிரே இருந்தது சிங்கம். என் எதிரே இருந்தது, முழங்கால் வலியோடு படியேறி வந்த 60 வயது ஆச்சி!

அன்றோடு மதில் சுவருக்கு மேலே நடந்த பேச்சுவார்த்தை நின்றுபோனது. சண்டை ஒன்றும் இல்லை. ஆச்சி பார்த்தால் சிரித்தார். ஆனால், "கறிவேப்பிலை வேணுமாட்டி?" என்று கேட்டு மதிலுக்கு மேலே ஒரு கொத்து வருமே, அது வரவில்லை. கிளை எங்கள் பக்கம்தான் நீட்டிக்கொண்டிருந்தது. அம்மா அதிலிருந்து ஓர் இலை பறிக்கவில்லை. கடையில் காசு கொடுத்துக் கறிவேப்பிலை வாங்கினாள். ஒரு பாளையங்கோட்டைக்காரிக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

கொரிந்து பட்டணத்துக் கறிக்கடை

சாப்பிடலாமா, கூடாதா? இந்தக் கேள்வி பாளையங்கோட்டையில் பிறந்ததில்லை. கிட்டத்தட்ட 2,000 வருஷத்துக்கு முன்பே கிரேக்க நாட்டுக் கொரிந்து பட்டணத்தில் பிறந்துவிட்டது.

கொரிந்து இரண்டு பக்கமும் துறைமுகம் உள்ள வியாபார ஊர். தெருவுக்குத் தெரு கோயில். கோயிலில் பலியிட்ட கறி கடைக்கும் விற்பனைக்கு வரும். கோயில்களை ஒட்டியே விருந்து அறைகளும் இருந்தன. அவற்றைத் தொல்லியல்காரர்கள் தோண்டி எடுத்திருக்கிறார்கள். கல்யாணமா, பிறந்த நாளா, ஊர்ப் பெரியவர் வைக்கும் விருந்தா, அங்கேதான் இலை விழும். புதிதாகக் கிறிஸ்தவர்களான கொரிந்துக்காரர்களுக்குத் தர்மசங்கடம். போகாவிட்டால் சொந்தக்காரன் கோபிப்பான். போனால் மனசாட்சி கோபிக்கும்.

அந்த ஊரில் ஒன்றரை வருஷம் தங்கியிருந்தவர் பவுல். ஊரை விட்டுப் போனபிறகு, சுமார் கி.பி. 55-ல், அவர்களுக்கு எழுதிய முதல் கடிதத்தில் இந்தச் சாப்பாட்டு விவகாரத்துக்காகவே 8-ஆம் அதிகாரத்தையும் 10-ஆம் அதிகாரத்தில் பாதியையும் ஒதுக்கியிருக்கிறார். அவர் சொல்வதைச் சுருக்கினால் மூன்று சங்கதிகள்.

ஒன்று: கோயில் பந்தியில் உட்கார்ந்து வழிபாட்டில் பங்கெடுக்காதே. இரண்டு எஜமானுக்கு ஒரே நேரத்தில் ஊழியம் பார்க்க முடியாது.

இரண்டு: கடையில் விற்பதை வாங்கிச் சாப்பிடு. இது எங்கிருந்து வந்தது என்று துருவித் துருவிக் கேட்டுக்கொண்டிருக்காதே.

மூன்று: நம் மார்க்கத்தில் இல்லாத ஒருவர் விருந்துக்குக் கூப்பிட்டால், போக மனமிருந்தால் போ, இலையில் வைத்ததைச் சாப்பிடு. 'இது படைத்தது' என்று யாராவது எடுத்துச் சொன்னால் மட்டும் நிறுத்திக்கொள். அதுவும் உன் வயிற்றுக்காக இல்லை, சொன்னவருடைய மனசாட்சிக்காக!

என் சிவப்புப் பென்சில் முதல் சங்கதியோடு முனை உடைந்து நின்றுவிட்டது. மற்ற இரண்டையும் நான் படிக்கவே இல்லை.

இதில் விசேஷம் என்னவென்றால், பவுல் பலகாரத்தைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருப்பவனைப் பார்க்கிறார். விஷயம் தெரிந்தவனுக்குத் தலைக்கனம் வந்துவிடும், ஒருவரையொருவர் தூக்கி நிறுத்துவது அன்புதான் என்று அந்தப் பேச்சையே ஆரம்பிக்கிறார். ரோமருக்கு எழுதிய கடிதத்தின் 14-ஆம் அதிகாரத்திலும் இதே வழிதான். சாப்பிடுகிறவன் சாப்பிடாதவனை மட்டமாகப் பார்க்காதே. சாப்பிடாதவன் சாப்பிடுகிறவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதே. நாள் கிழமை பார்ப்பதும் அப்படியே.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். போன வருஷம்வரை அந்தச் சாமியைக் கும்பிட்டு, நேர்த்திக்கடன் கழித்து, பிறகு கிறிஸ்தவரான ஒருவருக்கு அதிரசம் வெறும் அதிரசம் இல்லை. அதில் அவர் பழைய வாழ்க்கை மொத்தமும் ஒட்டிக்கொண்டிருக்கும். அவர் வேண்டாம் என்றால் அது திமிர் இல்லை, நேர்மை. அவரைக் கட்டாயப்படுத்துவதுதான் பாவம். நான் அப்படியா? மூன்று தலைமுறைக் கிறிஸ்தவன். அதிரசம் தின்றால் எனக்கு வரக்கூடியது அஜீரணம் மட்டும்தான்!

தாலிக்கு வந்த தடை

தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களுக்கு இந்தப் பஞ்சாயத்து 400 வருஷமாக நடந்துகொண்டிருக்கிறது.

1606-ல் மதுரைக்கு வந்தார் ராபர்ட் தெ நொபிலி. இத்தாலிக்காரர். காவி கட்டினார், மாமிசத்தை விட்டார், தமிழும் சமஸ்கிருதமும் படித்தார். பூணூல், குடுமி, சந்தனம் எல்லாம் ஊர் வழக்கம்தான், அவற்றோடேயே ஒருவர் கிறிஸ்தவராக இருக்கலாம் என்றார். கூட இருந்த பாதிரிமாரே அவர்மேல் மனுப் போட்டார்கள். வழக்கு ரோமாபுரி வரை போய், 1623-ல் போப்பாண்டவர் பதினைந்தாம் கிரகோரி சில நிபந்தனைகளோடு அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். அந்த வழி, சாதி வித்தியாசத்தையும் சபைக்குள்ளே கூட்டிக்கொண்டு வந்தது என்ற குற்றச்சாட்டு இன்றைக்கும் உண்டு. அதையும் மறைக்க வேண்டியதில்லை.

அடுத்த ரகளை 1704-ல், புதுச்சேரியில். போப்பாண்டவரின் தூதராக வந்த தூர்னோன் ஓர் ஆணை போட்டார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலியைக் கிறிஸ்தவப் பெண்கள் கட்டக்கூடாது. வேண்டுமானால் சிலுவையோ இயேசு, மாதா உருவமோ பொறித்துக் கட்டிக்கொள்ளலாம்!

அந்த ஆணையால் எழுந்த சண்டை 40 வருஷம் நடந்தது. ஆனால் இன்றைக்குத் தெற்கத்திக் கல்யாணங்களைப் பாருங்கள். சிலுவைத் தாலி, புறாத் தாலி, பைபிள் மாதிரி விரித்து வைத்த தாலி! நகையே கூடாது என்று தாலியையும் விட்ட சபைகளும் உண்டு. எல்லாரும் நல்ல கிறிஸ்தவர்கள்தான். எல்லாருக்கும் வசனமும் இருக்கிறது.

தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) இன்னொரு வழி காட்டினார். ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் படித்தவர். சரபோஜி மன்னருக்குச் சிநேகிதர். குறத்தி குறி சொல்கிற நம்ம ஊர் குறவஞ்சியை எடுத்து, 'பெத்லேகம் குறவஞ்சி' என்று இயேசுவின்மேல் பாடிவிட்டார். அவர் போட்ட ராகமும் தாளமும்தான் இன்றைக்கும் எங்கள் கோயில்களில் கீர்த்தனையாக ஒலிக்கிறது. ஆமாம், தெற்கே நாங்கள் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வோம். 1785-ல் பாளையங்கோட்டையில் கிளாரிந்தா அம்மையார் கட்டிய ஆலயத்துக்கு ஊர் வைத்த பெயர் பாப்பாத்தியம்மாள் கோயில். போதகரை 'ஐயர்' என்போம். "எங்க ஐயர் வந்திருக்காரு, கோழி அடிக்கணும்" என்று அம்மா ஒருதரம் மதில்மேல் சொல்ல, ஆச்சிக்குப் புதிதாகக் குடிவந்த மருமகள் மயக்கம் போடாத குறை!

நம்ம பண்டிகை மட்டும் எங்கிருந்து வந்தது?

சரி, அடுத்த வீட்டுப் பண்டிகையை இவ்வளவு துருவுகிறோமே, நம்முடையதைத் துருவிப் பார்த்தோமா?

இயேசு பிறந்த தேதி பைபிளில் எங்கேயும் இல்லை. டிசம்பர் 25-ஐக் கொண்டாடியதற்குக் கிடைக்கும் பழைய குறிப்பு, ரோமில் கி.பி. 336-ஐச் சேர்ந்தது. கிறிஸ்துமஸ் குடில், பிரான்சிஸ் அசிசியார் 1223-ல் கிரெச்சியோ என்கிற கிராமத்தில் நிஜ மாடும் கழுதையும் கட்டிவைத்துக் காட்டியது. மரம் ஜெர்மனி சமாசாரம். இங்கிலாந்து ராஜ குடும்பம் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் 1848-ல் பத்திரிகையில் வந்தபிறகுதான் அது உலகம் சுற்றியது.

இன்னும் கேளுங்கள். 1647-ல் இங்கிலாந்துப் பார்லிமெண்ட் கிறிஸ்துமஸையே தடை செய்தது! தடை செய்தவர்கள் நாஸ்திகர்கள் இல்லை. பைபிளைக் கரைத்துக் குடித்த பியூரிட்டன்கள். வேதத்தில் இல்லாத பண்டிகை எதற்கு என்பது அவர்கள் கட்சி. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659-லிருந்து 1681 வரை, கிறிஸ்துமஸ் கொண்டாடினால் அபராதம் ஐந்து ஷில்லிங்!

1993-ல் நான் அங்கே இருந்திருந்தால் முதல் ஆளாக அபராத ரசீது கிழித்துக்கொண்டிருப்பேன்.

ஆனால் ஆண்டவர் எப்படி இருந்தார்? கல்யாண வீட்டுக்குப் போனார். வரி வசூல்காரன் வீட்டில் சாப்பிட்டார். கூடாதவர்களோடு பந்தியில் உட்காருகிறார் என்று கெட்ட பெயரும் வாங்கினார். ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகையன்று எருசலேம் ஆலயத்தில் உலாவிக்கொண்டிருந்ததாக யோவான் 10-ஆம் அதிகாரம் சொல்கிறது. மோசேயின் நியாயப்பிரமாணத்தில் இல்லாத பண்டிகை அது. யூதர்கள் இன்றைக்கு விளக்கேற்றிக் கொண்டாடுகிற ஹனுக்கா!

மார்த்தாளின் டிசம்பர்

பண்டிகையில் விசுவாசத்தைக் கடைப்பிடிப்பது என்றால் நாம் வாசலோடு நின்றுவிடுகிறோம். எதை உள்ளே விடலாம், எதை விடக்கூடாது! அடுப்படியை எட்டிப் பார்ப்பதில்லை.

டிசம்பர் 24 இரவு எங்கள் வீட்டுக் காட்சி இது. கேரல் ரவுண்ட்ஸ் கோஷ்டி பன்னிரண்டு மணிக்கு வந்து, கிறிஸ்துமஸ் தாத்தாவைக் குத்தாட்டம் போட வைத்து, காணிக்கையும் காபியும் வாங்கிக்கொண்டு போகும். காபி போடுவது அம்மா. காலை நாலரை ஆராதனைக்கு முன் முறுக்கு சுட்டு முடிப்பது அம்மா. ஆராதனையில் பிரசங்கம் மரியாளைப் பற்றி. மார்த்தாள் வேலை வேலை என்று அலைந்தாள், மரியாளோ ஆண்டவர் காலடியில் உட்கார்ந்து நல்ல பங்கைத் தெரிந்துகொண்டாள்! உருகி உருகிக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்ததும் ஆண்பிள்ளைகள் நாங்கள் கேட்ட முதல் கேள்வி: "பிரியாணி ஆச்சா?"

ஒரு வருஷம் அம்மா ஆராதனைக்கே வரவில்லை. ஏன் என்று ஐயர் கேட்டார். "எல்லாரும் மரியாளாயிட்டா மத்தியானம் என்னத்தைத் திங்க ஐயரே?" என்றாள். அடுத்த வருஷத்திலிருந்து தேங்காய் துருவுவது அப்பா, வெங்காயம் உரிப்பது நான். கிறிஸ்துமஸ் அன்று நான் கண்ணீர் விட்டு ஜெபித்ததாக ஊரில் பேச்சு. வெங்காயம் என்று யாருக்கும் தெரியாது!

வாசகர்களுக்காக ஒரு பெட்டிச் செய்தி: அடிக்கடி வரும் சந்தேகங்கள்

*பொங்கல் கொண்டாடலாமா?* கத்தோலிக்க ஆலயங்கள் பலவற்றில் வளாகத்திலேயே பொங்கலிட்டுத் திருப்பலி நடக்கிறது. விளைச்சலுக்கு நன்றி சொல்வது எங்கள் பக்கத்து சி.எஸ்.ஐ. சபைகளிலும் உண்டு; பெயர் அறுப்பின் பண்டிகை. காணிக்கையாக வரும் சேவலும் பூசணிக்காயும் ஏலம் போகும். ஓர் எலுமிச்சம்பழம் என்ன விலைக்குப் போகும் என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள்! சூரியனுக்குப் படைப்பது வேறு, சூரியனைப் படைத்தவருக்கு நன்றி சொல்வது வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

*கோலம் போடலாமா?* எங்கள் தெருவில் டிசம்பரில் நட்சத்திரக் கோலம் போடுகிற வீடும் உண்டு, கோலமே போடாத வீடும் உண்டு. இரண்டு வீட்டு வாசலையும் பெருக்கித்தான் ஆக வேண்டும்.

*பொட்டு?* கத்தோலிக்க வீடுகளில் பலர் வைக்கிறார்கள். எங்கள் சபைகளில் பெரும்பாலும் வைப்பதில்லை. வைத்தவரைப் பார்த்து வைக்காதவர் முகம் சுளிப்பதைத்தான் எந்த வேதமும் அனுமதிக்கவில்லை.

*பட்டாசு?* தெற்கே கிறிஸ்துமஸுக்கும் புதுவருஷத்துக்கும் நாமும் வெடிக்கிறோம். சிவகாசிக்கு எந்தச் சாமியும் ஒன்றுதான். அடுத்த வீட்டில் கைக்குழந்தையோ இருதய நோயாளியோ இருந்தால் வெடியைக் குறைப்பது, ரெண்டு வசனம் மனப்பாடம் செய்வதைவிட நல்ல ஆராதனை.

முட்டை போடாத கேக்

மறுபடி 1993-க்கு வருகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முந்தி. அப்போதெல்லாம் வீட்டில் அவன் கிடையாது. மாவைக் கலக்கி, தட்டில் ஊற்றி, பேக்கரிக்குத் தூக்கிக்கொண்டு போய் அடுப்பில் வைத்து வாங்கி வர வேண்டும். நான்தான் சுமைகூலி. அம்மா இரண்டு தட்டு கொடுத்தாள். ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு.

"சின்னது யாருக்கும்மா?"

"ஆச்சிக்கு. அதுல முட்ட கிடையாது. ரெண்டையும் ஒண்ணுமேல ஒண்ணா வச்சிராத."

அப்போதுதான் பார்த்தேன். அந்தச் சின்னத் தட்டு, அதைக் கலக்கிய பாத்திரம், கரண்டி எல்லாமே தனி. மேல்தட்டில் ஒரு துணியில் சுற்றி வைத்திருப்பாள். வருஷத்துக்கு ஒருதரம்தான் இறங்கும். முட்டை பட்ட பாத்திரம் ஆச்சிக்கு ஆகாது. கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த வருஷத்திலிருந்து அம்மா இப்படித்தான் செய்து வந்திருக்கிறாள். 23 வருஷம் அந்த வீட்டில் சாப்பிட்ட எனக்கு அது தெரியாது.

"இந்த வருஷமும் குடுக்கப் போறியா? அவங்கதான் பேசுறதில்லையே..."

"அவங்களா பேசல? நம்மதான்ல வாசல அடைச்சோம். நீயே கொண்டுட்டுப் போ" என்றாள் அம்மா.

பண்டிகையன்று காலை ஆராதனை முடிந்து, ஜெபம் பண்ணி, கேக் வெட்டி, ஆச்சி வீட்டுப் படியேறினேன். ஐந்தே படிதான். மலையேறுவது மாதிரி இருந்தது. 'இது யாருக்குப் படைச்சது?' என்று ஆச்சி ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் என் கதி?

ஆச்சி கேட்கவில்லை. இரண்டு கையாலும் தட்டை வாங்கினார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். "அம்ம சொகமா இருக்காளா? மதிலுப்பக்கமே வரக்காணமே" என்றார்.

எனக்குத் தொண்டை அடைத்தது. "ஆச்சி... அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது."

ஆச்சி சிரித்தார். "அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லிருப்பேன்யா. சொன்னா ஒம் மொகம் சுண்டிப் போகுமேன்னு விட்டுட்டேன். ஒங்க வீட்டுக்கு உள்ளத நான் என்னைக்குமே படைச்சது கிடையாதே! சாமிக்கு வைக்கதுக்கு முந்தியே ஒங்க தூக்கத் தனியா எடுத்து வச்சிருவேன். ஒங்களுக்கு ஆகாதுல்லா?"

நான் அப்படியே நின்றேன்.

சைவ வீட்டில் சாமிக்கு வைக்கும்முன் பலகாரத்தைத் தொடுவதே தப்பு. பிள்ளைகள் கை நீட்டினாலே அடி விழும். அந்த வீட்டில் சாமிக்கு முன்னால், எங்களுக்கு ஒரு பங்கு போயிருக்கிறது. 20 வருஷத்துக்கு மேலாக. யாருக்கும் சொல்லாமல். எங்கள் மனசாட்சிக்காக, ஆச்சி தன் மனசாட்சியைக் கொஞ்சம் தள்ளி உட்கார வைத்திருக்கிறார்.

பவுலின் கடிதத்தில் நான் படிக்காமல் விட்ட அந்தப் பக்கத்தை, பைபிளையே தொடாத ஆச்சி வருஷா வருஷம் செய்துகொண்டிருந்திருக்கிறார். மதிலுக்கு இந்தப் பக்கம் அம்மா, முட்டை படாத தட்டைத் துணியில் சுற்றி வைத்திருந்தாள். நடுவில் வசனம் தெரிந்தவன் நான் ஒருவன்தான்!

அன்று சாயங்காலமே மதில்மேல் ஒரு கொத்துக் கறிவேப்பிலை வந்தது. 1994 தீபாவளிக்குத் தூக்கு வந்தது. நான்தான் ஓடிப்போய் வாங்கினேன்.

மகள் கேட்ட கேள்வி

இப்போது என் மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். மூன்று பெண்கள் சேர்ந்து ஒரு ஃபிளாட். தீபாவளிக்கு முந்தின ராத்திரி வாட்ஸ்-அப்பில் கூப்பிட்டாள். "அப்பா, நாளைக்கு ரூம்மேட் வீட்ல லட்சுமி பூஜை வைக்கிறா. நான் என்ன செய்யட்டும்?"

பழைய நானாக இருந்திருந்தால் அதிகாரம், வசனம் எல்லாம் டைப் அடித்து அனுப்பியிருப்பேன். "நீ என்ன நினைக்கிறே?" என்று மட்டும் கேட்டேன்.

"பூஜைல உட்கார மாட்டேன்னு அவகிட்டே நேராவே சொல்லிட்டேன். அவ புரிஞ்சுக்கிட்டா. ஆனா வீடு பெருக்கி, அவகூட உட்கார்ந்து ரவாலட்டு பிடிச்சுக் குடுத்தேன். வராந்தாவுல விளக்கு வைக்கக் கூப்பிடுறா. வைக்கலாமா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நானாக இருந்தால் வைப்பேனா? வைக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் அந்த ஃபிளாட்டில் இருப்பது அவள். அந்தப் பெண்ணோடு தினமும் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுவதும் அவள். "ஜெபம் பண்ணிட்டு உன் மனசு சொல்றபடி செய். எதைச் செஞ்சாலும் அந்தப் பொண்ணு மனசு நோகாமப் பாத்துக்க" என்றேன். விளக்கு வைத்தாளா, இல்லையா? நான் இன்னும் கேட்கவில்லை. கேட்கப் போவதும் இல்லை.

ஆச்சி காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. அவர் போன அடுத்த தீபாவளிக்குத் தூக்கு வராது என்றுதான் நினைத்தோம். துக்கம் நடந்த வீடு, பண்டிகை கிடையாது. அதற்கடுத்த வருஷம் காலை எட்டரை மணிக்கு அதே எவர்சில்வர் தூக்கோடு, ஆச்சியின் மருமகள் படியேறி வந்தார். ஆமாம், ஐயருக்குக் கோழியடிக்கிறார்கள் என்று மயக்கம் போடப்பார்த்தாரே, அவர்தான்.

"அத்த சொல்லிட்டுப் போயிருக்காங்க. மொதல்ல எடுத்து வச்சது" என்றார்.

எங்கள் அம்மாவுக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. காது மந்தம், வேதம் வாசிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும். ஆனால் தூக்கு வந்த சத்தம் மட்டும் எப்படியோ கேட்டுவிடும். உள்ளேயிருந்து ஒரு குரல் வரும்.

"ஏல... ஏனத்த வெறுமனே குடுத்துராத. ஒரு கை சீனியாவது போட்டுக் குடு!"